குந்தவைக்கு ஏற்ற பேட்

ஒரு பெண்ணுக்கு சாஃப்ட்பால் பேட் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அவள் துணி பிழிவதை ஒரு தடவை பார்த்துவிடுவேன். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடக் குழாயடியில் ஜெர்சியை அலசிப் பிழிவார்கள். சிலர் மணிக்கட்டைத் திருப்பிப் பிழிவார்கள். சிலர் மணிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு தோளைப் போட்டு முறுக்குவார்கள். முதல் வகைக்கு ஸ்விங், அதாவது பேட்டைச் சுழற்றுவது, சுருக்கமாக, சட்டென்று வரும். இரண்டாவது வகைக்குப் பலம் உண்டு, ஆனால் பேட் பந்துக்கு வந்து சேரத் தாமதமாகும். இதை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் கற்கவில்லை. குழாயடியில் நின்று நின்று தெரிந்துகொண்டது.

நீங்கள் பேட்டைப் பற்றிக் கேட்டதால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். அதைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். அனுப்பியது சரிதான். ஆனால் அதில் ஒன்றும் கிடைக்காது. உள்ளே ஈயம் ஊற்றவில்லை, சுரண்டவில்லை, முனை மூடியைக் கழற்றவில்லை. கடையில் வாங்கிய நல்ல பேட். குந்தவையின் கைக்கு அளவெடுத்த மாதிரி பொருந்திய பேட். நடந்ததற்குக் காரணமும் அந்தப் பொருத்தம்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சகாயம்மாள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாஃப்ட்பால் அணியை நான்தான் ஆரம்பித்தேன், நான்தான் நடத்துகிறேன். போன சனிக்கிழமை காலை எங்கள் பிள்ளைகளையே இரண்டாகப் பிரித்து ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினோம். குந்தவை அடித்த பந்து, அதை வீசிய பிட்சர் ரிஃப்காவின் முகத்தில் பட்டது. அவளுடைய இடது கண் போய்விட்டது. வலது கண்ணையும் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள், பார்வை நிற்குமா என்று கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார்கள். அவள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குந்தவை வீட்டில் சாப்பிடாமல் கிடக்கிறாள். கேட்கிறவர்களிடமெல்லாம் “நான்தான் அடிச்சேன், நான்தான் அடிச்சேன்” என்று சொல்கிறாளாம். நீங்கள் இதை விளையாட்டில் நடந்த விபத்து என்று முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாக வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தண்ணீர் கொண்டுவந்து வைத்த உங்கள் காவலர் பெண் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். செருப்பு நுனி தெரிகிறது. நிற்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்னால் சந்தேகப் புத்தி என்பீர்கள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. நான் கவனிப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் மைதானத்தை நீங்கள் பார்த்தீர்கள். தை பிறந்தால் அதில் பாதி எங்களுடையது இல்லை. பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையம். சம்பா அறுவடை ஆனதும் ஒரு பக்கம் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். இன்னொரு பக்கம் ஈர நெல்லைத் தார்ப்பாய் விரித்துக் காயப் போட்டுவிடுவார்கள். தலைமையாசிரியையும் ஒன்றும் சொல்ல முடியாது, ஊர் நெல். நடுவில் ஒரு பாதை மாதிரி மிச்சம் இருக்கும். மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி எல்லாமே அந்தச் சமயத்தில்தான் வரும். இடது பக்கம் பந்து போனால் மூட்டை தூக்குகிறவர்கள் சத்தம் போடுவார்கள். வலது பக்கம் போனால் நெல்லுக்குள் விழும், எடுக்கப் போகிற பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்கும். அதற்குள் நேரம் போய்விடும். அதனால் நான் என் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்தேன். நேராக அடி. வந்த வழியிலேயே பந்தைத் திருப்பி அனுப்பு.

மற்ற பள்ளிக்கூடத்து பி.டி. சார்கள் கிண்டல் செய்வார்கள். “சகாயம்மா டீச்சரோட பிள்ளைங்களுக்கு மைதானம்னா ரயில் தண்டவாளம்தான், இடது வலது கிடையாது” என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் ஜெயிப்பது நாங்கள்தான்.

வந்த வழியில் நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். பிட்சர். சாஃப்ட்பாலில் பிட்சருக்கும் அடிக்கிறவளுக்கும் நடுவில் உள்ள தூரம் உங்கள் ஸ்டேஷன் வாசலிலிருந்து அந்த வேப்பமரம் வரைகூட இருக்காது. அதனால் பயிற்சியின்போது பிட்சருக்கு முன்னால் ஒரு வலை கட்டி வைப்போம். நாகப்பட்டினத்திலிருந்து வாங்கிவந்த பழைய மீன்வலை, இரண்டு சவுக்குக் கழிகள். ரிஃப்கா அதற்குப் பின்னால் நின்று வீசிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஆட்டம் என்று வந்தால் வலை கிடையாது.

ரிஃப்காவின் கையில் முதன்முதலில் பந்தைக் கொடுத்தது நான். ஆறாம் வகுப்பில் அவள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமான பிள்ளை, நீளமான விரல்கள். அவள் அத்தா சவூதியில் இருந்தார். அம்மா சுமையாவிடம் நான் நேரில் போய்ப் பேசினேன், முழுக்கை ஜெர்சி, தலைக்கு முக்காடு, எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்றேன். பிறகு ஒவ்வொரு நாளும் அவள் கையைப் பிடித்துச் சுற்ற வைத்தேன். தோள் எங்கே, இடுப்பு எங்கே, பந்து விரலை விட்டு எங்கே போக வேண்டும் என்று. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவள் கை சுற்றினால் வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் காற்றுக் கிழிகிற சத்தம் கேட்கும். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. பந்தை விட்டபிறகு கையுறை போட்ட இடது கை தொடையோரம் விழுந்து அங்கேயே நிற்கும். அது நெஞ்சுக்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் பந்து திரும்பி வரும்போது முகத்துக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. “கையத் தூக்குடி, கையத் தூக்குடி” என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் தூக்குவாள், மூன்றாம் நாள் மறந்துபோவாள். பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதற்கு வருகிறேன்.

தஞ்சாவூரில் மாலதி என்று ஒரு கோச் இருக்கிறாள். தனியாக ஒரு விளையாட்டு விடுதி நடத்துகிறாள். ஊர் ஊராகப் போய், நன்றாக விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்து, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவாள். தப்பில்லை, அது அவள் தொழில். எங்கள் பள்ளியிலிருந்தும் ஒரு கேட்சரைக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையின் படம் பேப்பரில் வந்தது, கீழே ‘மாலதியின் மாணவி’ என்று போட்டிருந்தது. நான் அந்தப் பேப்பரை மடித்து வைத்தேன். வயிறு எரிந்தது என்பது உண்மை.

போன ஐப்பசியில் மாலதியின் ஸ்கூட்டரை ரிஃப்கா வீட்டுத் தெருமுனையில் பார்த்தேன். தஞ்சாவூரிலிருந்து நன்னிலத்துக்கு ஒருத்தி ஸ்கூட்டரில் வருகிறாள் என்றால் காற்று வாங்க வரமாட்டாள். அதற்கு அடுத்த வாரமும் பார்த்தேன். அந்த வழியாகப் போக எனக்கு வேலை எதுவும் இல்லை, போய்ப் பார்த்தேன். அதன்பிறகு ரிஃப்காவைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் பக்கத்தில் போனால் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பயிற்சி முடிந்ததும் குழாயடிக்கு வராமல் வீட்டுக்கு ஓடினாள். புது ஷூ போட்டிருந்தாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டதற்கு “மாமா அனுப்புனாங்க டீச்சர்” என்றாள். ஷஹ்பாஸ் என்று ஒரு மாமா துபாயில் இருப்பது உண்மைதான். மாமாவுக்கு எப்படி அவள் கால் அளவு தெரியும் என்று நான் யோசித்தேன்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஒரு நாள் அவள் டிராப் பந்து போட்டாள். அடிக்கிறவளுக்குக் கிட்டே வந்து முழங்காலுக்குக் கீழே இறங்குகிற பந்து. அது நான் சொல்லிக் கொடுத்த மாதிரி இறங்கவில்லை, இன்னும் நன்றாக இறங்கியது. கிட்டே போய் அவள் விரல்களைப் பார்த்தேன். தையலின் மேல் இரண்டு விரல்தான் வைத்திருந்தாள். நான் மூன்று விரல் வைக்கச் சொல்வேன்.

“யாருடி இப்படிப் புடிக்கச் சொன்னா?”

“யாரும் இல்ல டீச்சர். யூடியூப்ல பாத்தேன். சும்மா போட்டுப் பாத்தேன்.”

“யூடியூப்லயா?”

“சத்தியமா டீச்சர். நல்லா எறங்குதுல்ல?”

நன்றாக இறங்குகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பிடி என்னுடையது இல்லை. என் பிள்ளையின் கைக்குள் இன்னொருத்தியின் விரல் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. கையுறையைத் தூக்கு என்று சொல்வதை அன்றையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

இப்போது குந்தவைக்கு வருகிறேன். அவள் அப்பா அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார், அம்மா வயல் வேலை. நல்ல எலும்பு, நல்ல உடம்பு. துணி பிழியும்போது தோளைப் போட்டு முறுக்குகிற ஜாதி. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தது ஒரு பழைய அலுமினிய பேட், கனமானது, கனம் முழுக்க முனையில். அதைச் சுழற்றிப் பந்துக்குக் கொண்டுவர அவளுக்கு எப்போதும் ஒரு கண்ணிமை நேரம் தாமதமாகிவிடும். தாமதமானால் பந்து வலது பக்கம் பறக்கும், நெல்லில் போய் விழும். நெல்லுக்காரர்கள் அவளைத் தூரத்தில் பார்த்தாலே “வந்துட்டாய்யா கோழி” என்பார்கள். கோழிதானே காயும் நெல்லைக் கிளறும். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள், பிறகு குழாயடியில் போய் அழுவாள்.

அவளுக்கு வேறு பேட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு முன்பே தெரியும். அதுவரை கொடுக்கவில்லை. கார்த்திகையில் அவளை பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் அவள் உடம்பைப் பார்த்துவிட்டுப் பெரிய பேட்டாக எடுத்துப் போட்டார். எல்லாரும் செய்கிற தப்பு அது. உடம்புக்குப் பேட் கிடையாது, ஸ்விங்குக்குத்தான் பேட். நான் அவளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, ஒற்றைக் கையால் நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். நீட்டிய கை நடுங்கி முனை இறங்கினால் அது கனம். நடுங்காமல் நின்றால் மட்டும் போதாது, முனை காற்றில் லேசாக மேலே எழுந்தால் அது லேசு, அதுவும் ஆகாது. நீளம் குறைக்கவில்லை, அவள் கை நீளம். எடையை மட்டும் குறைத்தேன். கனம் முனையில் நிற்காமல் கைப்பக்கம் வரைக்கும் பரவியிருக்கிற, உலோகம் இல்லாமல் நாரால் செய்த காம்போசிட் பேட் ஒன்று இருந்தது. அவளைக் கடைக்கு வெளியே நிற்க வைத்துச் சுழற்றச் சொன்னேன். ஒரு தடவைதான் சுழற்றினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணிமை நேரம் காணாமல் போயிருந்தது.

“டீச்சர், இது எனக்கேவா?”

“உனக்குத்தான்.”

“வேற யாருக்கும் குடுக்க மாட்டீங்கள்ல?”

மாட்டேன் என்றேன். பஸ்ஸில் அதை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தாள். கும்பகோணம் தாண்டி அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

காம்போசிட் பேட் புதிதில் மந்தமாகத்தான் இருக்கும். அடிக்க அடிக்கத்தான் உள்ளே இருக்கும் நார் தளர்ந்து பந்தைத் துள்ளவிடும். ஒவ்வோர் அடிக்கும் பேட்டைக் கால்வாசி திருப்பி, சுற்றிலும் சமமாகப் பழக்க வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே பக்கமாக அடித்துக் கெடுத்துவிடுவார்கள். அதனால் அசெம்பிளிக்கு முன்னால் மேடைக்குப் பின்னால் நின்று நானே அடித்துப் பழக்கினேன். மார்கழி முழுக்க. வாட்ச்மேன் ஒரு நாள், “என்ன டீச்சர், இந்த வயசுல நீங்களும் எறங்கிட்டீங்களா” என்றார். பிள்ளைக்காகத்தான் என்றேன். அவரைக் கேட்டால் சொல்வார். நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து குந்தவை அந்த பேட்டோடு இறங்கினாள். வலைக்குப் பின்னாலிருந்து ரிஃப்கா வீசினாள். முதல் பந்தே நேராகத் திரும்பிப் போனது. வலை ரிஃப்காவின் முகத்துக்கு நேராக அவள் பக்கம் உப்பியது, சவுக்குக் கழி ஆடியது. நெல்லுக்காரர்கள் விசில் அடித்தார்கள். ரிஃப்கா வலைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே, “யம்மா குந்தி, என்னையக் கொல்லப் பாக்குறியா?” என்றாள். குந்தவை பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வலையில் பந்து பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னதில் குற்றம் என்று ஒன்றும் இல்லை. எந்த கோச்சைக் கேட்டாலும் நான் நல்ல பேட் எடுத்துக் கொடுத்தேன் என்றுதான் சொல்வார்கள். மிச்சம் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஷஹ்பாஸ் மாமா ஷூவோடு முகத்துக்கு ஒரு கம்பிக் கவசமும் அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் பிட்சர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறார்களாம். நம் பக்கம் யாரும் போடுவதில்லை. ரிஃப்காவுக்கு அது பிடித்திருந்தது. சனிக்கிழமை காலை அதை மாட்டிக்கொண்டுதான் வந்தாள். நான் கூப்பிட்டு, மண்டலப் போட்டியில் நடுவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், இல்லாமல் ஆடிப் பழகு என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. “சரிங்க டீச்சர்” என்று கழற்றி என் கையில் கொடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். நீங்கள் மைதானத்தில் தேடியது இதைத்தானென்றால், இதோ என் பையில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் வியர்வை நாற்றம் இன்னும் இதில் இருக்கிறது.

இரண்டாவது விஷயம், நான் காட்டுகிற சைகை. எங்கள் அணியில் எந்தப் பந்து போட வேண்டும் என்று பிட்சர் முடிவு செய்வதில்லை. நான் ஓரத்தில் நின்று காட்டுவேன். காதைத் தொட்டால் டிராப். தோளைத் தொட்டால் இடுப்பு உயரத்துக்கு நேர் வேகப் பந்து. குந்தவை மாதிரி ஒருத்திக்கு, அந்த பேட்டோடு, இடுப்பு உயரத்தில் நடுவில் வேகப் பந்து போடவே கூடாது. ரிஃப்காவுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். முதலில் காதைத் தொட்டேன். டிராப் போட்டாள், குந்தவை விட்டுவிட்டாள். மறுபடி காது. மறுபடி இறங்கியது, அந்த இரண்டு விரல் பிடி. பிறகு தோளைத் தொட்டேன்.

ரிஃப்கா உடனே வீசவில்லை. நான் தவறுதலாகத் தொட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள். என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் தோளைத் தொட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வீசினாள்.

கை தொடையோரம்தான் இருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். நெல் காய வைத்திருந்த தார்ப்பாயை, மேலே கிடந்த நெல்லோடு உருவி, அதில்தான் அவளைத் தூக்கினார்கள். அவள் முக்காட்டில் நெல் ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸில் நான் ஏறிக்கொண்டேன், தஞ்சாவூர் வரைக்கும் அவள் கையை விடவில்லை. குந்தவையை யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் பேட்டைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு அடிபடும் என்று நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். கன்னத்தில் படும், ஒரு பல் போகும், பயம் வரும் என்று நினைத்தேன். பயந்த பிட்சரை எந்த விடுதியும் கூட்டிக்கொண்டு போகாது. பயந்த பிள்ளை பழகிய இடத்தில்தான் இருக்கும், பழகியவர்களிடம்தான் வரும். அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் தேற்றியிருப்பேன். கவசத்தைக் கழற்றி வாங்கியவளுக்குக் கன்னத்துக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தெரியும். நான் அவளுக்கு ஏழு வருஷமாக வியர்வை துடைத்துவிட்டவள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் சுமையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மாலதி மேடம் மூணு தடவ வீட்டுக்கு வந்துச்சு. புள்ளய அனுப்புங்க, நாங்க பாத்துக்கறோம்னு. இவ ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. எங்க டீச்சர விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்னுட்டா. போன்லயும் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு, இவ எடுக்கவே மாட்டா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லக் கூடாதுன்னுட்டா டீச்சர். அப்பவே நான் அனுப்பியிருந்தா எம்புள்ளைக்கு இப்புடி ஆயிருக்குமா?”

நான் சுமையாவின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது தாய்மார்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள். அது உண்மையா என்று நான் முழுக்க நம்பவில்லை. மூன்று தடவை வந்து வெறுங்கையோடு திரும்புகிற ஆள் இல்லை மாலதி. ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும், இன்று வரமாட்டேன் என்கிற பிள்ளை நாளைக்கு வருகிறேன் என்று சொல்லாது என்பதற்கு யார் உத்தரவாதம்? இப்போது மாலதி கூப்பிட மாட்டாள். ரிஃப்கா எங்கும் போகத் தேவையில்லை. நடந்தது நடந்துவிட்டது, ஆனால் அந்தக் கவலை எனக்கு விட்டது.

எழுதியதில் கையெழுத்துப் போடுகிறேன். பேட்டைப் பொருத்திக் கொடுத்தது நான், கவசத்தை வாங்கி வைத்தது நான், பந்தைக் கேட்டது நான். குந்தவை வெறுமனே நன்றாக அடித்தாள், அவ்வளவுதான். இன்றைக்கே யாரையாவது அனுப்பி அவளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் சாப்பிட வேண்டும்.

இன்னொரு உதவியும் கேட்கிறேன். ரிஃப்காவுக்கு இப்போது இரண்டு கண்ணும் கட்டில் இருக்கிறது, ஆள் அடையாளம் தெரிவதில்லை. யார் அறைக்குள் வந்தாலும், “டீச்சர் இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறாள். நான் இருக்கிறேன் என்றால் கையை நீட்டுவாள். பிடித்துக்கொண்டால் தூங்கிவிடுவாள். நேற்று முழுக்க அப்படித்தான் போனது, நர்ஸ்கள்கூட இப்படி ஒரு பாசத்தைப் பார்த்ததில்லை என்றார்கள். நீங்கள் என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வையுங்கள், கோர்ட்டில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் மேடம். தெரிந்தால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள்.